குஸ்தாவ் வாசாவும் லூபெக் கடனும்: ஸ்வீடன் எந்த ஆண்டில் லுத்தரன் நாடானது?

ஏட்டுச்சுரைக்காய் | ஜனவரி 6, இரவு 9.12

போட்டித் தேர்வுக் கையேடுகளில் "1527-இல் குஸ்தாவ் வாசா ஸ்வீடனை லுத்தரன் நாடாக்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேறு இடங்களில் 1531, 1544, 1593 என்று ஆளுக்கொரு ஆண்டு. என் கட்சி 1527. அரசர் லூத்தர் பக்கம் சாய்ந்தார், நாடு பின்னால் போனது, அவ்வளவுதான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

தண்டல்காரர் | ஜனவரி 6, இரவு 10.47

1527-இல் நடந்தது மதமாற்றம் இல்லை, ஜப்தி.

அந்த ஜூன் மாதம் வெஸ்டெரோஸ் நகரில் கூடிய சபையின் தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். சாரம் நான்கு. நடு ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் கிளம்பியிருந்த கலகத்தை அடக்க எல்லாரும் துணை நிற்பது. பிஷப்புகள், கதீட்ரல்கள், மடங்கள் ஆகியவற்றின் "உபரி" வருமானமும் பிஷப்புகளின் கோட்டைகளும் அரசருக்கு. 1454-க்குப் பிறகு பிரபுக் குடும்பங்கள் திருச்சபைக்கு எழுதிவைத்த நிலங்களை வாரிசுகள் திரும்பப் பெறலாம். கடைசியாக, கடவுளின் வார்த்தை தூய்மையாகப் போதிக்கப்பட வேண்டும்.

நான்காவதை எந்தக் கத்தோலிக்கரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார். இரண்டாவதும் மூன்றாவதும்தான் சரக்கு.

ஏன் அந்த நேரத்தில்? குஸ்தாவ் 1523 ஜூன் 6 அன்று ஸ்ட்ரெங்னெஸில் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்வீடனைப் பிடித்திருந்த டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியானை விரட்டக் கப்பலும் கூலிப்படையும் கொடுத்தது வட ஜெர்மனியின் வணிக நகரமான லூபெக். அதற்கான பில் சுமார் 1,20,000 லூபெக் மார்க். போதாக்குறைக்கு ஸ்வீடனில் சுங்கமின்றி வணிகம் செய்யும் உரிமையையும் லூபெக் எழுதி வாங்கிக்கொண்டது. அதாவது கடனை அடைக்க உதவியிருக்கக்கூடிய சுங்க வருமானத்தையும் கடன் கொடுத்தவனே எடுத்துக்கொண்டான். வெஸ்டெரோஸில் அரசர் தரப்பு வைத்த கணக்கில் ஆண்டு வரவு 24,000 மார்க், செலவு 60,000.

மூன்றுமகுடம் | ஜனவரி 7, காலை 7.30

கணக்கு சரி. ஆனால் பணத்தட்டுப்பாடு எல்லா அரசனுக்கும் உண்டு, எல்லாரும் திருச்சபைச் சொத்தில் கை வைக்கவில்லை. ஸ்வீடனில் அது ஏன் முடிந்தது என்றால் பின்னால் போக வேண்டும்.

அங்கே அரசு பலவீனமானது, திருச்சபை அதைவிட இளையது. ஆன்ஸ்கர் என்ற துறவி பிர்காவில் போதித்தது 829-30 வாக்கில். அது வேர் பிடிக்கவில்லை. ஸ்வேயர், யோத்தர் என்ற இரு மக்களையும் சேர்த்து ஆண்டதாக உறுதியாகத் தெரியும் முதல் அரசர் ஓலோஃப் ஷோட்கோனுங். 995 வாக்கில் சிக்டூனாவில் காசு அடித்தவர், கிறிஸ்தவர். உப்சாலாவுக்குத் தனிப் பேராயர் கிடைத்தது 1164-இல்தான். அதுவரை டென்மார்க் வசமிருந்த லுண்ட் பேராயருக்குக் கீழே. முதல் பேராயர் ஸ்டெஃபான், ஆல்வாஸ்ட்ரா மடத்து சிஸ்டர்சியன் துறவி. திருநிலைப்படுத்தியது பிரான்ஸின் சான்ஸ் நகரில்.

அரசர் பதவியோ பரம்பரை இல்லை. உப்சாலாவுக்கு அருகே மோரா கற்களில் தேர்ந்தெடுத்து, பிறகு மாகாணம் மாகாணமாகச் சுற்றிவந்து அங்கீகாரம் வாங்க வேண்டும். அந்தச் சுற்றுக்கு எரிக்ஸ்காத்தா என்று பெயர். எல்லையில் பிணையாட்களைப் பெற்றுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். ராங்வால்ட் என்ற அரசர் 1120-களில் பிணையாள் இல்லாமல் வெஸ்டெர்யோட்லாந்துக்குள் போனார், கொன்றுவிட்டார்கள். அந்த மாகாணத்தின் பழைய சட்டத்திலேயே இருக்கிறது: அரசரை எடுக்கவும் ஸ்வேயருக்கு உரிமை, தள்ளவும் உரிமை.

தண்டல்காரர் | ஜனவரி 7, காலை 8.05

மகுடம் சொன்னதோடு நிலக் கணக்கையும் வைத்தால் படம் முழுசாகும். 1520 வாக்கில் பண்ணைகளின் எண்ணிக்கையில்:

வரி கட்டும் சொந்த நில விவசாயிகள் சுமார் 52 சதவீதம். திருச்சபை 21. பிரபுக்கள் 21-க்குச் சற்றுக் குறைவு. அரசுக்கு 5 அல்லது 6.

குஸ்தாவ் இறந்த 1560-இல் திருச்சபை பூஜ்யம், அரசு சுமார் 28. விவசாயிகளும் பிரபுக்களும் கிட்டத்தட்ட அதே இடத்தில். 40 ஆண்டில் நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது. அது போக அவர் சொந்தக் கணக்கில் வாரிசுரிமை என்று சேர்த்த பண்ணைகள் 5,000 அளவுக்கு இருந்தன.

ஏட்டுச்சுரைக்காய் | ஜனவரி 7, பகல் 1.20

பணம் காரணம், மதம் சாக்கு என்கிறீர்கள். அப்படியென்றால் சீர்திருத்தப் பிரசங்கி ஓலாவுஸ் பெத்ரி யார்? லூத்தரின் ஊரான விட்டன்பெர்கில் படித்தவர்தானே?

மூன்றுமகுடம் | ஜனவரி 7, இரவு 8.50

ஓரெப்ரோ நகரத்துக் கொல்லர் மகன். 1516 முதல் 1518 வரை விட்டன்பெர்கில் இருந்தார். அதாவது லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்ட 1517 அக்டோபரில் அந்த ஊரில்தான் மாணவர். திரும்பி வந்து ஸ்ட்ரெங்னெஸ் கதீட்ரலில் வேலை. அங்கே தலைமைக் குருவாக இருந்த லவுரென்டியுஸ் ஆந்திரே இவர் பேச்சில் சாய்ந்தார். 1523-இல் அரசர் தேர்தலும் அதே ஊரில். தேர்தலுக்கு வந்த குஸ்தாவ் கையோடு ஆந்திரேயைச் செயலாளராக்கிக்கொண்டார். மதச் சீர்திருத்தமும் அரசாங்கமும் சந்தித்த இடம் அதுதான்.

ஆந்திரே 1524-இல் வாட்ஸ்டெனா மடத்துக்கு எழுதிய கடிதத்தில் வைத்த வாதம்: திருச்சபை என்பது விசுவாசிகளின் கூட்டம். ஆகவே திருச்சபையின் பணம் மக்களின் பணம். மக்களின் பணத்தை மக்களின் தேவைக்கு அரசர் எடுப்பதில் தப்பில்லை.

கோட்பாட்டையும் கஜானாவையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டார். இரண்டில் எது சாக்கு, எது காரணம் என்று பிரிக்கப் பார்ப்பதே வீண் என்பது என் கருத்து.

தண்டல்காரர் | ஜனவரி 7, இரவு 11.15

வீண் இல்லை. எது முதலில் வந்தது என்று தேதி பார்த்தால் தெரிந்துவிடும்.

வெஸ்டெரோஸுக்கு முன்னோட்டம் ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. மேலாரென் ஏரிக்கரையில் கிரிப்ஸ்ஹோல்ம். அரசர் பட்டமில்லாமல் நாட்டை ஆண்ட மூத்த ஸ்டேன் ஸ்டூரே 1490-களில் அந்த நிலத்தைக் கார்த்தூசியன் துறவிகளுக்குக் கொடுத்து மடம் எழுப்ப வைத்தார். அந்த ஸ்டூரேயின் சகோதரி குஸ்தாவின் அப்பாவைப் பெற்ற பாட்டி. 1526 தொடக்கத்தில் குஸ்தாவ் ராஜ்யசபைக்கு (பிரபுக்களும் பிஷப்புகளும் கொண்ட அரச ஆலோசனைக் குழு) முன் வந்து சொன்னார்: இது எங்கள் குடும்பச் சொத்து, என் அப்பாவை நெருக்கித்தான் சம்மதம் வாங்கினார்கள், திருப்பிக் கொடுங்கள். சபை தலையாட்டியது. மடம் போயிற்று, பின்னாளில் அதே இடத்தில் கோட்டை வந்தது.

வாரிசுக்கு உரிமை உண்டு என்ற அந்தத் தந்திரம் 1527-இல் எல்லாப் பிரபுக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மூன்றாவது அம்சத்துக்கு ஏன் பிரபுக்கள் கைதட்டினார்கள் என்று இப்போது புரிகிறதா? அரசர் மட்டும் எடுத்திருந்தால் எதிர்த்திருப்பார்கள். பங்கு கொடுத்தார், வாய் மூடினார்கள்.

அதே 1526-இல் திருச்சபைக்குச் சேர வேண்டிய அந்த ஆண்டுத் தசமபாகத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடன் அடைக்கக் கேட்டு வாங்கினார். "இந்த ஒரு தடவை மட்டும்" என்று தொடங்கும் வரிகள் எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோபுரமணி | ஜனவரி 8, காலை 6.58

வெஸ்டெரோஸ் கூட்டத்தை யாராவது விரிவாக எழுதுங்கள். அரசர் அழுதார் என்று கேள்வி.

மூன்றுமகுடம் | ஜனவரி 8, இரவு 9.05

எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கையோடு: நாடகம் மாதிரி வரும் விவரங்கள் பெரும்பாலும் பெடர் ஸ்வார்ட் எழுதிய வரலாற்றிலிருந்து. அவர் குஸ்தாவ் காலத்து வெஸ்டெரோஸ் பிஷப், அரசர் தரப்புக்காரர்.

பிஷப்புகள், பிரபுக்கள் மட்டுமில்லை, நகர வணிகர்கள், சுரங்க முதலாளிகள், விவசாயிகள் எல்லாரும் அழைக்கப்பட்டார்கள். முதல் நாள் விருந்திலேயே செய்தி சொல்லியாகிவிட்டது. வழக்கமாக அரசருக்கு அடுத்த இருக்கை பிஷப்புகளுக்கு. அன்று பிரபுக்களை முன்னால் உட்கார வைத்து பிஷப்புகளைக் கீழே தள்ளினார்.

சபையில் ஆந்திரே அரசர் சார்பில் பேசினார்: வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இப்படி ஆள முடியாது. லின்ஷோப்பிங் பிஷப் ஹான்ஸ் பிராஸ்க் எழுந்து பதில் சொன்னார். அரசருக்குக் கீழ்ப்படிகிறோம், ஆனால் போப்பாண்டவருக்குச் சத்தியம் செய்திருக்கிறோம், அவர் சம்மதமில்லாமல் திருச்சபைச் சொத்தைக் கொடுக்க முடியாது. மூத்த பிரபு தூரே யோன்சன் அதை ஆமோதித்தார். "அப்படியானால் எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று கண்ணீரோடு பதவியை உதறிவிட்டு அரசர் கோட்டைக்குள் போய்விட்டார். தான் நாட்டுக்காகச் செலவழித்ததைத் திருப்பிக் கொடுத்தால் ஊரை விட்டே போகிறேன் என்பது நிபந்தனை.

தூரே யோன்சன் தம்பட்டம் முழங்க விடுதிக்குத் திரும்பினாராம், யாரும் தன்னைப் புறமதத்தவனாகவோ லுத்தரனாகவோ ஆக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு. இடையில் ஓலாவுஸ் பெத்ரிக்கும் உப்சாலா பேராசிரியர் பெடர் காலேவுக்கும் ஒரு சொற்போர் நடந்தது. மூன்று நாள் ஆட்டம் தாங்கியது. முதலில் மசிந்தவர்கள் விவசாயிகளும் வணிகர்களும். ஆளே இல்லாமல் போனால் மறுபடி டேனிஷ்காரன் வருவான் என்ற பயம். நான்காம் நாள் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள்.

திரும்பி வந்தவர் பிஷப்புகளிடம் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்ட்ரெங்னெஸ் பிஷப் தீன்னெல்சோவைக் கொடுத்தார், ஸ்காரா பிஷப் லெக்கோவை. பிராஸ்கிடம் முன்கேபோடா. அவர் பேசாமல் பெருமூச்சு விட்டார். நண்பர்கள் பரிந்து பேசினார்கள், அரசர் கேட்கவில்லை. கோட்டை கைமாறும்வரை பிரபுக்கள் எட்டுப் பேர் பிராஸ்குக்குப் பிணை நிற்க வேண்டி வந்தது.

சில மாதங்களில் பிராஸ்க் கோட்லாந்து தீவைப் பார்வையிடப் போவதாகச் சொல்லிக் கிளம்பி டான்ஸிக் போய்ச் சேர்ந்தார். திரும்பவில்லை. 1538-இல் போலந்து மடம் ஒன்றில் இறந்தார்.

ஏட்டுச்சுரைக்காய் | ஜனவரி 8, இரவு 9.31

ராஜினாமா நாடகம் 500 வருஷப் பழசா!

தண்டல்காரர் | ஜனவரி 8, இரவு 10.20

பிராஸ்கைப் பாவமென்று நினைக்க வேண்டாம், கெட்டிக்காரர். 1517-இல் டேனிஷ் பக்கம் சாய்ந்த பேராயர் குஸ்தாவ் ட்ரோலேயின் ஸ்டேகெட் கோட்டையை இடிக்க ராஜ்யசபை முடிவெடுத்தபோது எல்லாரும் முத்திரை வைத்தார்கள். பிராஸ்க் தன் மெழுகு முத்திரைக்கு அடியில் "நிர்ப்பந்தத்தால் செய்கிறேன்" என்று ஒரு சீட்டைச் சொருகினார் என்பது வழிவழியாக வரும் கதை. 1520 நவம்பரில் கிறிஸ்டியான் ஸ்டாக்ஹோமில் முடிசூடி மூன்று நாள் விருந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். 1517-இல் நாட்டை ஆண்ட இளைய ஸ்டேன் ஸ்டூரேயின் விதவை கிறிஸ்டீனா, அந்த இடிப்பைக் கணவர் தனியாகச் செய்யவில்லை என்று நிரூபிக்க அந்த 1517 பத்திரத்தை நீட்டினார். அதிலிருந்த முத்திரைகளே குற்றப்பட்டியல் ஆகிவிட்டன.

பிராஸ்க் பிழைத்தார். ஸ்ட்ரெங்னெஸ், ஸ்காரா பிஷப்புகள் தலை போயிற்று. குஸ்தாவின் அப்பாவும் அந்தப் பட்டியலில்.

மூன்றுமகுடம் | ஜனவரி 8, இரவு 10.44

இதில் கவனிக்க வேண்டியது குற்றச்சாட்டு. ராஜதுரோகம் இல்லை, மதத்துரோகம். ராஜதுரோகத்துக்குக் கிறிஸ்டியான் ஏற்கனவே பொதுமன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தான், திருச்சபைச் சட்டக் குற்றத்துக்கு அந்த மன்னிப்பு செல்லாது. பேராயர் ட்ரோலே வாதி, குருமார் குழு தீர்ப்பு சொன்னது, அடுத்த 2 நாளில் பெரிய சதுக்கத்தில் தலைகள். தண்டனையை நிறைவேற்றியவன் சொன்ன எண்ணிக்கை 82. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த ஸ்டூரேயின் உடலையும் தோண்டி எரித்தார்கள்.

ரோம் அடுத்த ஆண்டுகளில் அதே ட்ரோலேயைத் திரும்பப் பேராயராக ஏற்கச் சொல்லி குஸ்தாவை நெருக்கியது. இதுதான் முறிவு. லூத்தருக்கு அதில் வேலையே இல்லை. போப் ட்ரோலேயைக் கைவிட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

கோபுரமணி | ஜனவரி 9, காலை 7.10

மணி விஷயத்தை யாரும் தொடவில்லையே. நான் தொடுகிறேன்.

1531-இல் லூபெக் பாக்கிக்காக ஒவ்வொரு பங்கிலிருந்தும் (ஆலய வட்டாரம்) ஒரு ஆலய மணி கேட்டார்கள். நகரங்களில் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. மணி வெண்கலத்தில் ஏறக்குறைய 78 செம்பு, 22 ஈயம் (வெள்ளீயம்). நல்ல நாதம் வரும், ஆனால் நொறுங்கும். பீரங்கி வெண்கலத்தில் ஈயம் 10 பக்கம்தான் இருக்க வேண்டும். அதனால் மணியை அப்படியே உருக்கி பீரங்கி வார்த்தால் வெடித்துச் சிதறும் அபாயம், கூடச் செம்பு சேர்க்க வேண்டும். எடை போட்டு விற்கவோ கடனுக்குக் கொடுக்கவோ மணி வசதியான சரக்கு. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கிலோ உலோகம், தரம் தெரிந்தது, ஒளிக்கவும் முடியாது.

ஊர்க்காரர்களுக்கு அது உலோகம் இல்லை. தாத்தா காலத்தில் வரி பிரித்து வார்த்தது. இடி மின்னலுக்கு அடிப்பது, சாவுக்கு அடிப்பது, தீப்பிடித்தால் அடிப்பது. டாலர்னாவில் தண்டல் அதிகாரிகளை அடித்துத் துரத்தி மணிகளை மீட்டார்கள். வரலாற்றில் அதற்கு மணிக் கலகம் என்றே பெயர்.

தண்டல்காரர் | ஜனவரி 9, காலை 8.40

அதன் முடிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1533 தொடக்கத்தில் அரசர் செப்புமலைக்கு (இன்றைய ஃபாலுன்) மக்களை வரச் சொன்னார், படையால் சுற்றி வளைத்தார், மண்டியிட வைத்தார். சிலரை அங்கேயே வெட்டினார்கள். மோன்ஸ் நீல்சன், ஆண்டர்ஸ் பேர்சன் போன்றோரை ஸ்டாக்ஹோம் கொண்டுபோய் 1534-இல் தலையெடுத்தார்கள். இந்த ஆண்டர்ஸ் பேர்சன் ராங்க்ஹ்யூட்டான் ஊர்க்காரர். 1520-இல் டேனிஷ்காரர்களுக்குப் பயந்து மாறுவேடத்தில் ஓடிய குஸ்தாவுக்கு இடம் கொடுத்தவர்களில் ஒருவர்.

டாலர்னாதான் குஸ்தாவை அரசராக்கியது. சேலன் முதல் மோரா வரை 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி 1922 முதல் நடக்கிறதே, அது அந்த ஓட்டத்தின் நினைவு. அதே டாலர்னா 1524-25, 1527-28, 1531-33 என்று மூன்று முறை அவருக்கு எதிராக எழுந்தது. முதல் குறைகளில் ஒன்று சதுர வடிவக் கிளிப்பிங் காசு: போர்க்காலத்தில் செம்பைக் கலந்து அடித்துப் படைக்குக் கொடுத்தார், 1524-இல் செல்லாது என்றார். கையில் வைத்திருந்தவன் தலையில் துண்டு. நமக்குப் புதிதில்லை.

ஏட்டுச்சுரைக்காய் | ஜனவரி 9, இரவு 7.45

இந்தக் கலகங்கள் எல்லாம் காசுக்குத்தானா, பழைய மதத்துக்கா?

மூன்றுமகுடம் | ஜனவரி 9, இரவு 10.12

இரண்டும். 1527 டாலர்னா மனுவில் "புதிய நம்பிக்கை", சுவீடிஷ் மொழியில் பாட்டு என்ற புகார்களும் உண்டு, அரசவையில் வெட்டுத் துணி வைத்து வண்ண வண்ணமாக வெளிநாட்டு உடை உடுத்துகிறார்கள் என்ற புகாரும் உண்டு. தன் ஆட்களுக்கு என்ன உடுத்துவது என்று மற்ற அரசர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன், உங்களைக் கேட்டு அல்ல என்ற தோரணையில் பதில் போனது.

எல்லாவற்றிலும் பெரியது 1542-43-இல் ஸ்மோலாந்தில் நீல்ஸ் டாக்கே தலைமையில் எழுந்தது. அங்கே எல்லை தாண்டி டேனிஷ் பக்கத்துப் பிளேக்கிங்கேவுக்கு எருதும் வெண்ணெயும் விற்பதுதான் பிழைப்பு. அரசர் அதைத் தடுத்தார். வரி கூடியது. அதே ஆண்டுகளில் ஆலயங்களின் வெள்ளிக் கிண்ணங்களை அதிகாரிகள் பட்டியல் போட்டுத் தூக்கினார்கள். லத்தீன் திருப்பலியைத் திரும்பக் கொடு என்பதும் கோரிக்கை. விவசாயி பார்வையில் வரி, வணிகம், வழிபாடு மூன்றும் ஒரே ஆள் வந்து பிடுங்கியவை. டாக்கே 1543-இல் கொல்லப்பட்டார்.

தண்டல்காரர் | ஜனவரி 10, காலை 6.30

இதற்கு நடுவே ஓலாவுஸ் பெத்ரியும் ஆந்திரேயும் என்ன ஆனார்கள் என்று கேட்கவே இல்லையே. மரண தண்டனை. கொடுத்தது போப் இல்லை, குஸ்தாவ்.

1535 ஏப்ரல் 20 காலை ஸ்டாக்ஹோம் வானத்தில் சூரியனைச் சுற்றி ஒளிவட்டங்களும் பொய்ச் சூரியன்களும் தெரிந்தன. பெத்ரி அதைப் படமாக வரையச் சொல்லிப் பெரிய ஆலயத்தில் மாட்டினார். சீர்திருத்தத்தின் பெயரால் அரசர் அளவு மீறுகிறார் என்று பிரசங்கமும் செய்தார். (இன்று அங்கே தொங்குவது 1630-களில் எடுத்த நகல்.) 1539-இல் அரசர் ஜெர்மனியிலிருந்து வந்த கேயோர்க் நோர்மானைத் திருச்சபைக்கு மேற்பார்வையாளராக்கினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் ஓரெப்ரோவில் இருவர் மீதும் வழக்கு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட சதிச் செய்தியை அரசரிடம் சொல்லவில்லை என்பது முக்கியக் குற்றம். தண்டனை அறிவிக்கப்பட்டு, பிறகு பெரும் அபராதமாகக் குறைக்கப்பட்டது. பெத்ரிக்காக ஸ்டாக்ஹோம் நகரத்தார் பணம் கட்டினார்கள்.

தீர்ப்புச் சொன்ன குழுவில் பேராயர் லவுரென்டியுஸ் பெத்ரியும் இருந்தார். ஓலாவுஸின் கூடப் பிறந்த தம்பி.

ஏட்டுச்சுரைக்காய் | ஜனவரி 10, காலை 9.02

சரி, 1527-ஐ விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் 1544? அந்த ஆண்டு வெஸ்டெரோஸிலேயே மறுபடி கூடி, புனிதர் வணக்கம், யாத்திரை, இறந்தோர் திருப்பலி எல்லாவற்றையும் தடை செய்து, அரசுரிமையையும் பரம்பரையாக்கிவிட்டார்களே. அதற்கு மேல் என்ன பாக்கி?

மூன்றுமகுடம் | ஜனவரி 10, இரவு 9.20

தடைப்பட்டியல் இருந்தது, ஒப்புக்கொண்ட விசுவாச அறிக்கை இல்லை. "எதை நம்பவில்லை" என்று தெரியும், "எதை நம்புகிறோம்" என்று கையெழுத்திட்ட தாள் கிடையாது. புதிய ஏற்பாடு 1526-இல் சுவீடிஷில் வந்தது, சுவீடிஷ் வழிபாட்டு முறை 1531-இல், முழு வேதாகமம் 1541-இல் உப்சாலாவில். ஆனால் ஆயரின் அங்கி, அப்பத்தை உயர்த்திக் காட்டுவது எல்லாம் அப்படியே. ஊர் ஆலயத்துக்குள் நுழைந்தவனுக்கு மொழியைத் தவிர வித்தியாசம் குறைவு.

வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். 1560-களில் டென்மார்க்கோடு போர், திராட்சை ரசம் வரத்து தடுமாறியது. நற்கருணைக்கு என்ன செய்வது? வெஸ்டெரோஸ் பிஷப் யோஹான்னெஸ் ஓஃபேக், ரசம் கிடைக்காவிட்டால் வேறு பானம் போதும் என்றார். அவருக்குப் பின்னால், குஸ்தாவின் மகனும் அப்போதைய அரசருமான பதினான்காம் எரிக்கின் பழைய ஆசிரியர், பிரெஞ்சுக் கால்வினியர் (லூத்தர் வழி அல்லாத வேறொரு சீர்திருத்தப் பிரிவு) பேரேயுஸ் இருந்தார். பேராயர் லவுரென்டியுஸ் பெத்ரி விடவில்லை: ரசம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும், மாற்றக் கூடாது. 1564-இல் மாற்றுப் பானத்துக்குத் தடை. அவர் உழைப்பில் திருச்சபை ஒழுங்கு 1571-இல்தான் அச்சானது.

அதற்குள் எரிக்கின் தம்பி மூன்றாம் யூஹான் அரசராக வந்துவிட்டார். மனைவி போலந்துக் கத்தோலிக்க இளவரசி. 1576-இல் அவர் கொண்டுவந்த வழிபாட்டு நூலுக்குச் சிவப்புப் புத்தகம் என்று பெயர், பாதி ரோம். ஜேசு சபை ஆள் ஒருவர் அடையாளம் காட்டாமல் ஸ்டாக்ஹோமில் பாடம் நடத்தினார், மாணவர்கள் அவரை மடத்து லாசே என்று கேலி செய்தார்கள். 1544-இல் எல்லாம் முடிந்திருந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்?

தண்டல்காரர் | ஜனவரி 11, காலை 7.55

எனவே 1593. இதில் மகுடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. யூஹான் 1592-இல் இறக்கிறார். மகன் சிகிஸ்முண்ட் ஏற்கனவே போலந்து அரசர், கத்தோலிக்கர். அவர் கப்பலேறி வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். சித்தப்பா கார்ல் கோமகனும் ராஜ்யசபையும் உப்சாலாவில் கூட்டம் போட்டார்கள். பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச் 20-இல் முடிவு. 300-க்கு மேற்பட்ட குருமார். தலைவர் பிஷப் இல்லை, பேராசிரியர் நிக்கோலாவுஸ் பொத்னியென்சிஸ். லுத்தரன்களின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை வரி வரியாக வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. சிவப்புப் புத்தகம் குப்பைக்கு. ஞானஸ்நானத்தில் உப்பு, மெழுகுவர்த்தி, அப்பத்தை உயர்த்துவது எல்லாம் நிறுத்தம்.

மறுக்கப்படும் கொள்கைகளில் சுவிங்கிலியர், கால்வினியர் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். கார்லுக்குக் கால்வின் மேல் சாய்வு உண்டு என்று சந்தேகம். கடுப்பில் அவர் சொன்னது: தெரிந்தவர்கள் எல்லாரையும் போடுங்கள், நரகத்துச் சாத்தானையும் சேர்த்துப் போடுங்கள், அவனும் எனக்கு எதிரிதான்.

சிகிஸ்முண்ட் 1594-இல் முடிசூட வேண்டுமென்றால் இதற்கு உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 1598-இல் ஸ்டோங்கேப்ரூவில் கார்லிடம் தோற்றார், 1599-இல் நீக்கப்பட்டார். 1527-இல் அரசர் மக்களைப் பணிய வைத்தார். 1593-இல் குருமார் அரசரைப் பணிய வைத்தார்கள். சொத்து அரசர் வழியாகவும் கோட்பாடு அரசருக்கு எதிராகவும் வந்தன.

கோபுரமணி | ஜனவரி 11, பகல் 12.15

புதிய பேராயர் ஆப்ரஹாம் ஆங்கர்மான்னுஸ் 1596-இல் ஊர் ஊராகப் போன சுற்றுலாவையும் சொல்லுங்கள். பழைய வழக்கம், விபசாரம், சூனியம் என்று பட்டியல் போட்டுப் பிரம்படி, தலையில் வாளி வாளியாகத் தண்ணீர், அபராதம். கார்லே பின்னால் முகம் சுளித்தார்.

நெய்தல்நிலா | ஜனவரி 11, இரவு 8.33

வழி தவறி வந்தேன். தரங்கம்பாடி லுத்தரன் சபை டென்மார்க் வழி வந்தது. பிறகு ஏன் அங்கே ஆரம்பகால பிஷப்புகள் ஸ்வீடன்காரர்கள்?

மூன்றுமகுடம் | ஜனவரி 11, இரவு 10.01

சீகன்பால்க் 1706-இல் வந்தது டென்மார்க் அரசர் அனுப்பி. ஆனால் முதல் உலகப் போரில், பிற்காலத்தில் அந்தப் பணியை ஏற்றிருந்த லைப்சிக் மிஷனின் ஜெர்மன் ஊழியர்கள் வெளியேற்றப்பட்டபோது பொறுப்பை எடுத்தது ஸ்வீடன் சபை மிஷன். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. முதல் பிஷப் எர்ன்ஸ்ட் ஹொய்மான், 1921.

பிஷப் தொடர்ச்சியில்தான் (ஒரு பிஷப் கை வைத்து அடுத்தவரை பிஷப்பாக்கும் சங்கிலி) இந்த இழையோடு தொடர்பு. டென்மார்க்கில் 1537-இல் புதிய கண்காணிகளை நியமித்தது லூத்தரின் சகா புகென்ஹாகன், அவர் பிஷப் இல்லை. பழைய சங்கிலி அங்கே அறுந்தது. ஸ்வீடனில் பெத்ருஸ் மாக்னி 1524-இல் ரோமிலேயே வெஸ்டெரோஸ் பிஷப்பாகத் திருநிலை பெற்றவர். 1528 ஜனவரியில் குஸ்தாவ் முடிசூட பிஷப்புகள் தேவைப்பட்டார்கள், மாக்னி கை வைத்து மூவரை ஆக்கினார். 1531-இல் லவுரென்டியுஸ் பெத்ரியையும் அவரே. அந்தக் கை வைப்பின் தொடர்ச்சி ஸ்வீடன் பிஷப்புகள் வழியாகத் தரங்கம்பாடி வரை வந்தது. முடிசூட்டு விழாவுக்குச் சடங்கு குறையக் கூடாது என்ற அரசரின் அவசரம் காப்பாற்றிய சங்கிலி அது.

தண்டல்காரர் | ஜனவரி 12, காலை 6.45

மாக்னி என்றதும் இன்னொரு மாக்னுஸ் ஞாபகம். 1526-இல் நாட்டை விட்டுப் போய் 1544-இல் ரோமில் இறந்த கத்தோலிக்கப் பேராயர் யோஹான்னெஸ் மாக்னுஸ். நாடு கடந்த கோபத்தில் ஸ்வீடன் அரசர்களின் வரலாற்றை நோவா பேரன் காலத்திலிருந்து எழுதினார், இல்லாத எரிக்குகளையும் கார்ல்களையும் அள்ளிப் போட்டு. அவர் இறந்த பிறகு 1554-இல் அச்சானது. குஸ்தாவின் பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தங்களுக்கு எண் வைத்துக்கொண்டார்கள்: பதினான்காம் எரிக், ஒன்பதாம் கார்ல். உண்மையில் அந்தக் கார்ல் மூன்றாவது. இன்றைய பதினாறாம் கார்ல் குஸ்தாவ் எண்ணிப் பார்த்தால் பத்தாவது. லுத்தரன் அரசர்கள் போப்பின் ஆள் எழுதிய கணக்கை மட்டும் தணிக்கை இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.